நூற்று எண்பத்தேழாம் பக்கத்து ஸாரி

ட்ரூரோ, கார்ன்வால்
4 பிப்ரவரி 1956

மாண்புமிகு நூலாசிரியர் ரூபர்ட் ஹேஸல்டைன் அவர்களுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். உம்முடைய புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்கினேன். ஒன்றல்ல, இரண்டு பிரதி. அதைவிடக் கேவலம், கடையில் நின்றபடியே என் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால் கடைக்காரப் பெண்தான் கடைசியில் இருந்த பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"டாங்கின், ஆப்ரி... ஒரே ஒரு இடம்தான் சார். நூத்தி எண்பத்தேழு."

ஒரே இடமா என்று சுருக்கென்றது. சிறைமுகாமில் உம்மோடு ஒரே அடுப்பில் உருளைக்கிழங்கு அவித்தவன் நான். இருந்தாலும் அந்த ஒரு இடம் எப்பேர்ப்பட்ட இடமோ என்று மனம் குளிர்ந்து, அவளிடமே பேனா வாங்கி, ஒரு பிரதியின் முதல் தாளில், "அன்பு மார்வென்னாவுக்கு: மற்றதெல்லாம் அப்புறம். நேராக 187-ஆம் பக்கத்துக்குப் போ. அங்கே உன் ஆள் நிற்கிறான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த கட்டடத்திலேயே தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

அப்புறம்தான் வீட்டுக்கு வந்து, கண்ணாடி மாட்டி, டீ போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன்.

"எங்களுக்கும் விடுதலைக்கும் நடுவே ஒரே ஒரு ரயில்தான் மிச்சமிருந்தது. அப்போது டாங்கின் ஒரு கிழவியின் காலை மிதித்தான். மிதித்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். தொப்பியைத் தொட்டு, தெள்ளத் தெளிவான ஆங்கிலத்தில் 'ஸாரி' என்றான். அந்த ஒரு சொல்லோடு எங்கள் ஐவரின் கதையும் முடிந்தது."

டீ ஆறிப்போய்விட்டது ஐயா. நான் ஆறவில்லை.

எந்தக் கிழவி? அந்த நடைமேடையில் கிழவியே கிடையாது. இருந்த ஒரே பெண்பிள்ளை சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் இருந்தவள். அவள் காலை நான் மிதித்திருக்க வேண்டுமானால் சுவரை இடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அட்டையில் என்ன போட்டிருக்கிறீர்? "மணலடியில் ஐவர்: சைலீசியச் சிறைமுகாமிலிருந்து சுரங்கம் வெட்டித் தப்பிய ஐந்து விமானப்படை வீரர்களின் உண்மைக் கதை." உண்மை! ஐவர்! ஐவர் என்று போட்டுவிட்டு அட்டை முழுக்க உம்முடைய ஒரு முகம்தான் இருக்கிறது.

இந்த ஊர் வாரப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில், கோழிச்சளி மருந்து விளம்பரத்துக்கும் மரண அறிவிப்புகளுக்கும் நடுவே, வேடிக்கையாக ஏதோ கிறுக்கிப் பிழைப்பவன் நான். ஊரார் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் அது வாரத்துக்கு ஒரு நாள். இப்போது கசாப்புக்கடைக்காரன் தினமும் இலவசமாகச் சிரிக்கிறான். பொட்டலத்தை நீட்டி, "ஸாரி சார், கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்கிறான். பாதிரியார்கூட போன ஞாயிறு கைகுலுக்கும்போது என் காலை மிதித்துவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று ஆவலோடு பார்த்தார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியாது: மார்வென்னா யாரென்று தெரியுமா? பெரன் ட்ரெவினின் அக்கா. நம்மோடு சுரங்கத்தில் ஊர்ந்து வந்த அதே பெரன். நம்மோடு பிடிபட்டு, நம்மோடு முகாமுக்குத் திரும்பி, கடைசி ஜனவரியில் நம்மைப் பனியில் மேற்கே நடத்திக் கூட்டிப்போனபோது வழியிலேயே போய்ச் சேர்ந்தானே, அவன். அவன் புகைக்குழாயையும் கழுத்துத்துணியையும் கொடுப்பதற்காக அவள் வீட்டுக் கதவைத் தட்டியவன் நான். அப்புறம் வேறு வேறு காரணம் சொல்லிப் பத்து வருஷமாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். போன கிறிஸ்துமஸுக்குத்தான் சரி என்றாள். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம்.

புத்தகம் போய்ச் சேர்ந்தது. இன்று காலைத் தபாலில் மோதிரம் திரும்பி வந்தது. கூட ஒரு வரி இல்லை.

ஒரு வரி எதற்கு? அவள் தம்பி பிடிபடாமல் இருந்திருந்தால் ஊர் வந்து சேர்ந்திருப்பான். பிடிபட்டது யாரால்? 187-ஐப் பார்க்கவும்.

நீர் உடனே அவளுக்கு எழுத வேண்டும். புத்தகத்தைத் தொடராகப் போடும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் எழுத வேண்டும். கிழவி பொய், காலடி பொய், ஸாரி பொய் என்று.

கொதித்துக்கொண்டிருக்கும்,
ஆப்ரி டாங்கின்


லண்டன்
9 பிப்ரவரி 1956

அன்புள்ள ஆப்ரி,

உன் கடிதம் கண்டேன். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் மைத்துனர் சிரித்துச் சிரித்து மீன் முள்ளை விழுங்கிவிட்டார். நீ மாறவே இல்லை.

கோபம் தணிந்ததும் யோசித்துப் பார். அந்த ரயில்நிலையத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தண்டனைக் கொட்டடியிலிருந்து வெளியே வந்த அன்றே, இதை ஒருவரும் வெளியே சொல்வதில்லை என்று ஐந்து பேரும் கைகொடுத்துக்கொண்டோம். மன்னர் கையால் பதவி பெற்ற ஐந்து அதிகாரிகள் செய்த காரியத்தை அச்சில் போட்டால் விமானப்படையின் மானம் என்னாவது? ஆனால் நாம் எப்படியோ பிடிபட்டாக வேண்டுமே, கதைக்கு. பதிப்பாளர், "ஏதாவது சின்னப் பிழையா, அன்பான பிழையா இருக்கட்டும்" என்றார். ஓர் ஆங்கிலேயன் வாய்தவறி மன்னிப்புக் கேட்டு மாட்டிக்கொள்வதைவிட அன்பான பிழை எது?

வாசகர்களுக்கு உன்னைத்தான் மிகவும் பிடித்திருக்கிறது. டெவன் பக்கத்து அம்மாள் ஒருவர் உனக்காகக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறார். தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன்.

அந்தப் பெண்மணி விஷயம் வருத்தம் தருகிறது. ஆனால் என் அனுபவத்தில் சொல்கிறேன், எந்தப் பெண்ணும் அச்சில் வந்த எதற்காகவும் மோதிரத்தைத் திருப்பித் தருவதில்லை. நீ வேறு ஏதாவது செய்திருப்பாய். நினைத்துப் பார்.

உன் பழைய தலைவன்,
ரூபர்ட்


ட்ரூரோ
12 பிப்ரவரி 1956

ஹேஸல்டைன் அவர்களுக்கு,

காலுறை வந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நாயிடம் கொடுத்தேன். அதுவும் வேண்டாம் என்றது.

நான் வேறு ஏதாவது செய்திருப்பேனாம்! செய்தவரே கேட்கிறார்!

சரி, மானம் மானம் என்கிறீரே, அதையும் எடுத்து விரித்துப் பார்த்துவிடுவோம். நூலகக் குடிசையில் நீர் நடத்திய வகுப்பு நினைவிருக்கிறதா? "ஆங்கிலேயனாக இல்லாமல் இருப்பது எப்படி?" சாலையின் இடப்பக்கம் நடக்காதே. சீழ்க்கையடிக்காதே. எவனாவது இடித்தால் ஸாரி சொல்லாதே. எங்களை ஒவ்வொருவராக நடக்கவிட்டு நீரே எதிரே வந்து தோளால் இடிப்பீர். பெரன் பாவம், ஒவ்வொரு இடிக்கும் மன்னிப்புக் கேட்டான். பின்வாங்கி மேசையில் மோதிக்கொண்டு மேசையிடமும் கேட்டான். வேல்ஸ்காரனும் நியூஸிலாந்துக்காரனும் வாரக்கணக்கில் திணறினார்கள். முதல் நாளே, ஒரு பயிற்சியும் இல்லாமல், உம்மை மேலும் கீழும் முறைத்துவிட்டு நடையைக் கட்டியவன் யார்? "டாங்கின் பாஸ். இவனுக்குச் சொல்லித்தர என்கிட்ட ஒண்ணுமில்ல" என்று சொன்ன வாய் யாருடையது? அந்த வகுப்பில் தேறிய ஒரே மாணவன் மேல், அந்தப் பாடத்தில் தோற்றான் என்று புத்தகம் போடுகிறீர்!

என் கட்டில் பலகைகளைச் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போய், மிச்சமிருந்த மூன்று பலகையில் நான் படுத்து, ஒரு நாள் மதியம் அப்படியே கீழ்க்கட்டிலில் இருந்த உம்மேல் இறங்கினேனே, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? காற்சட்டைக்குள் பை கட்டி, அதில் மணலை நிரப்பி, வாத்துபோல் நடந்து நடந்து தோட்டப் பாத்திகளில் கொட்டியது நான். புத்தகத்தில் மணல் தானாகவே காணாமல் போகிறது.

இனி ரயில்நிலையம். பகல் வெளிச்சம். சாயம் போட்ட போர்வையில் தைத்த மேலங்கி, பெல்ஜியச் செங்கல் தொழிலாளர்கள் என்று கள்ளச் சீட்டு. ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் ஐந்து பேரும் ஐந்து மூலையில் நிற்கிறோம். நீரும் பெரனும் கடிகாரத்துப் பக்கம், ஆனால் தள்ளித் தள்ளி. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு பருத்த சார்ஜண்ட் தொந்தி சரிந்த கிழட்டுச் சிப்பாய்க் கூட்டம் ஒன்றை ரயிலேற்றக் கூட்டி வந்தான். நம் முகாமில் காலையும் மாலையும் நம்மை எண்ணுவானே, அவன் குரலேதான் இவனுக்கும். அண்ணன் தம்பியாக இருப்பார்களோ என்னவோ. வாயைத் திறந்தான்:

"அஞ்சஞ்சு பேரா நில்லு!"

அவன் ஆட்கள் மெல்ல அசைந்தார்கள். நாம்? எத்தனை காலம் அந்தக் குரலுக்கு நின்று பழகிய கால்கள்! ஐந்து மூலையிலிருந்தும் போய், ஒருவர் பின் ஒருவராக, சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டு, மிக அழகாக ஐந்து பேர் வரிசை ஒன்று அமைத்தோம். அந்த நடைமேடையிலேயே ஒழுங்காக நின்ற வரிசை நம்முடையதுதான்.

அதோடு விட்டோமா? வேல்ஸ்காரன் இருக்கிறானே, அவன் தன்னை எண்ணி முடித்ததும் குனிந்து பின்பக்கமாக ஓடி அடுத்த வரிசையில் போய் மறுபடி எண்ணப்பட்டான்! எவனாவது தப்பிப் போனால் கணக்குச் சரியாக வருவதற்காக முகாமில் செய்வோமே, அதே வித்தை. தப்பிப் போனவர்களே நாம்தான் என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை. சார்ஜண்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஆறு பேர் ஜாஸ்தியா வருதே!" என்றான். ஐந்து பேர் தப்பி ஆறு பேராகப் பிடிபட்டது உலக சரித்திரத்தில் நாம் மட்டும்தான்.

எவன் முதலில் போய் நின்றான் என்று எனக்குத் தெரியாது. நான் சுவரில் பற்பசை விளம்பரம் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் நாலு பேரும் வரிசையில் நிற்கிறீர்கள், ஐந்தாம் இடம் காலி. ஐயோ, தாமதமாகிவிட்டதே என்று ஓடிப்போய் நின்றேன். ஆக, நடந்ததில் கடைசிக் குற்றவாளி நான்.

அப்புறம் அவன், "யாருய்யா நீங்கல்லாம்?" என்று கேட்டபோது, ஓர் அடி முன்னால் வந்து, விறைப்பாக நின்று, ஆங்கிலத்தில், "எல்லாரும் இருக்கோம், சார்!" என்று சொன்ன மூத்த அதிகாரி யார்? அந்த நடைமேடையில் ஒலித்த ஆங்கிலம் அது ஒன்றுதான். அது என் வாயிலிருந்து வரவில்லை.

இதை அப்படியே மார்வென்னாவுக்கு எழுதும். நானே சொன்னால் மாட்டிக்கொண்டவன் கதை கட்டுகிறான் என்பாள். அவள் சைக்கிள் இப்போதெல்லாம் என் தெரு வழியாக வருவதில்லை. ஊர் நர்ஸ் அல்லவா, நோயாளிகளைப் பார்க்க ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்று கேள்வி. இந்த மாத முடிவுக்குள் நீர் எழுதாவிட்டால் என் நாலாம் பக்கத்தில் நானே எழுதுவேன். "எல்லாரும் இருக்கோம், சார்" என்பதுதான் தலைப்பு.

டாங்கின்


லண்டன்
21 பிப்ரவரி 1956

அன்புள்ள ஆப்ரி,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீ சொல்வது அத்தனையும் சரி. அந்த ஆங்கிலம் என்னுடையதுதான். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. பதிப்பாளர் பெயரைச் சொல்லி மழுப்பினேன். இவ்வளவு பெரிய புத்தகத்தில் அந்த ஒரு வரியை எழுத எனக்குத் துணிவில்லை.

ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

முதலில் போய் நின்றவன் பெரன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜண்டின் குரல் முடிவதற்குள், ஒரு குச்சிபோல நிமிர்ந்து, நேராகப் போய் நின்றான். அவனைப் பார்த்துத்தான் என் கால்கள் போயின. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். அவன் நின்றிராவிட்டால் நாம் நின்றிருப்போமா? தெரியாது.

பனியில் நடந்தபோது அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். நெஞ்சு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. திடீரென்று சொன்னான்: "சார், ஊருக்குப் போனா அந்த ஸ்டேஷன் கதையை மட்டும் எங்கக்காகிட்ட சொல்லிடாதீங்க. நான்தான் முதல்ல நின்னேன்னு தெரிஞ்சா என்னை விடமாட்டா. சிரிச்சே கொன்னுடுவா." சரி என்றேன். அதற்கப்புறம் அவன் அதிகம் பேசவில்லை.

புத்தகத்தில் அந்த இடம் வந்தபோது அந்தச் "சரி" குறுக்கே வந்து நின்றது. வரிசையை எழுதினால் முதலில் நின்றவன் யார் என்று எவனாவது கேட்பான். அதனால் கிழவியைப் படைத்தேன். ஏன் உன் பெயர் என்றால், நீ உயிரோடு இருக்கிறாய். எதையும் சிரித்துத் தள்ளுகிறவன். இதையும் தள்ளிவிடுவாய் என்று நினைத்தேன். அவளை நீ மணக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது.

நான் அவளுக்கு எழுத வேண்டும் என்று இன்னமும் நினைத்தால், எழுதுகிறேன். முடிவு உன் கையில்.

ரூபர்ட்


ட்ரூரோ
25 பிப்ரவரி 1956

ரூபர்ட்,

இதைவிட நீர் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஆக, உயிரோடு இருப்பதுதான் என் குற்றம். செத்தவனைக் காப்பாற்ற உயிரோடு இருக்கிறவனைத் தூக்கில் போடுவது என்ன நியாயம் ஐயா? தூக்குவதற்கு ஆளே கிடைக்கவில்லையா? "வாய்தவறி ஸாரி சொன்னவன் நான்தான்" என்று உம் பெயரையே போட்டிருக்கலாமே! அட்டையிலிருந்து கடைசித் தாள்வரை உம் பெயர் நூறு தடவை வருகிறது. நூற்றோராவது தடவை வந்தால் காகிதம் பற்றிக்கொள்ளுமா? வேல்ஸ்காரன் மேல் போட்டிருக்கலாம், அவன் ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்க்கிறான், அவனுக்குப் புத்தகமே போகாது. இல்லை, என்னைத்தான் போடுவீர். ஏன்? டாங்கின் சிரிப்பான். எதற்கெடுத்தாலும் டாங்கின் சிரிப்பான்! பிறந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்க நான் என்ன கடிகாரத்துப் பொம்மையா?

உண்மையைக் கொடு, கொடு என்று கத்தினேன். கொடுத்துவிட்டீர். இப்போது அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவளிடம் போய், "உன் தம்பியைப் பிடித்துக்கொடுத்தது நானில்லை, உன் தம்பியேதான்" என்று சொல்லி மோதிரத்தை நீட்டவா? அப்படி ஒரு கல்யாணம் எவனுக்கு வேண்டும்?

நாலாம் பக்கத்துக்கு எழுதி வைத்திருந்ததை அடுப்பில் போட்டுவிட்டேன். நன்றாக வந்திருந்தது. அதற்கும் நீர்தான் பொறுப்பு.

அவளுக்கு எழுத வேண்டாம். நான் போகிறேன். போய், 187-இல் இருப்பதெல்லாம் நிஜம், நான்தான் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். அப்புறம் அவள் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகட்டும். பெரன் அந்த வகுப்பில் மேசையிடம் மன்னிப்புக் கேட்டான் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? எழுதும்போது சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

உம்மை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆப்ரி


ட்ரூரோ
18 மார்ச் 1956

ரூபர்ட்,

போனேன். மார்வென்னா சமையலறையில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் குங்குமப்பூ ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், "காலைத் துடைச்சுட்டு வாங்க" என்றாள். துடைத்தேன். நிறைய நேரம் துடைத்தேன்.

"மார்வென்னா, நான்தான்."

"தெரியுது."

"அதில்ல. ஸ்டேஷன்ல சொன்னது நான்தான். கிழவி, காலு, எல்லாம். புத்தகத்துல இருக்கிறது நிஜம்."

இடுக்கியோடு திரும்பினாள். "நீங்களா?"

"நான்தான்."

"ஸாரின்னு?"

"ஆமா."

"ஆப்ரி, உங்களை எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். உங்க காரை ஏத்தி என் சைக்கிளை அப்பளமா நொறுக்கினீங்களே, அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'எந்த மடையன் இதை இங்க நிறுத்தினான்'னீங்க. நான் பக்கத்துலயேதான் நின்னேன். எங்கம்மா சாவுக்கு வந்து, அவங்க நாற்காலியை உடைச்சுட்டு, நாற்காலியைத் திட்டினீங்க. இத்தனை வருஷத்துல அந்த வார்த்தை உங்க வாயில வந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. ஜெர்மன்காரங்க கேட்டாங்களாக்கும்? படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, சுத்தப் பொய்னு."

நல்லவனாக நடிக்கப் போன இடத்தில் இப்படியா?

"அப்ப எப்படித்தான் மாட்டினீங்க? சொல்லுங்க."

சொன்னேன். ஐந்து மூலை, அந்தக் குரல், வரிசை, வேல்ஸ்காரன் ஓடியது, உம்முடைய "எல்லாரும் இருக்கோம், சார்" வரைக்கும். உம் பெயரைக் காப்பாற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அவள் நிலக்கரிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். இடுக்கி கீழே விழுந்தது. தண்ணீர் வற்றி ஊசிகள் கருகும் வாடை வந்தது, எழுந்திருக்கவில்லை. சிரித்தாள் ரூபர்ட். பெரன் சொன்னானே, அதேதான். நிற்கவே இல்லை.

"யாரு... யாரு முதல்ல போய் நின்னது?"

"நான்," என்றேன்.

"பொய். பெரன்தானே?"

நான் ஊசிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கப் போனேன்.

"பெரன்தான். ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூட விருந்துக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே தட்டோட போய் நிப்பான். என்ன குடுக்கிறாங்கன்னுகூடத் தெரியாது. ஒரு தடவை விளக்கெண்ணெய் குடுக்கிற வரிசையில முதல் ஆளா நின்னான். வரிசைன்னு கேட்டா போதும் அவனுக்கு." இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது அவனாத்தான் இருக்கும்."

நீர் பத்து வருஷம் பூட்டிவைத்த ரகசியம் இவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் தெரிஞ்சும் ஏன் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினே?"

அவள் சிரிப்பு நின்றது. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, கடைசிப் பெயர்ப்பட்டியலைத் திறந்து என் முன்னால் வைத்தாள். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன். விரலை என் பெயர் மேல் வைத்தாள். அப்புறம் ஒரு வரி கீழே இறக்கினாள்.

"ட்ரெவின், பெரன். கடைசியா இருநூத்தி நாற்பத்து மூணாம் பக்கம். அவன் செத்துப்போன பக்கம். உங்க பேருக்கு நேர் கீழே இருக்கு ஆப்ரி. ஒரு வரி. அது இருக்கிற புத்தகத்தை எனக்கு அனுப்புறீங்க, 'மற்றதெல்லாம் அப்புறம், என்னை வந்து பாரு'ன்னு எழுதி."

யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று மனசுக்குள் தேடினேன். கடைக்காரப் பெண், மறந்துபோன கண்ணாடி, நீர். ஒருவரும் சிக்கவில்லை.

சொன்னேன், ரூபர்ட். அந்தச் சொல்லை. உம் புத்தகத்தில் எவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்துவிட்டது! அந்தச் சமையலறையில் அதை வெளியே கொண்டுவர இன்னொரு சுரங்கமே வெட்ட வேண்டியிருந்தது.

"கேக்கல," என்றாள்.

இரண்டாம் தடவையும் சொன்னேன்.

மோதிரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தண்டனை விதித்தாள். தினமும் வேலை முடிந்து வரும்போது நான் அவள் எதிரே உட்கார்ந்து, முன்னுரையிலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல் புத்தகம் முழுவதையும் வாசிக்க வேண்டும். உம்முடைய நடை இருக்கிறதே! "செவ்வானம் சிந்திய செந்நீர்" என்று ஒரே அத்தியாயத்தில் மூன்று இடம். தண்டனைக் கொட்டடியில் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துத் தனியே வைத்தபோதுகூட இவ்வளவு அவதிப்படவில்லை. 187 வந்தபோது அவள், "இதைத் தாண்டிப் போங்க, இது கதை" என்றாள்.

நேற்று 243 வந்தது. முதல் பத்தியில் அவன் உம் தோளைப் பிடித்துக்கொள்கிறான். அதற்கு மேல் எனக்குக் கண்ணாடியில் ஏதோ ஆவி படிந்துவிட்டது. புத்தகத்தை அவள் வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை அவள்தான் வாசித்தாள், நிறுத்தாமல், ஒவ்வொரு சொல்லாக. அந்தப் பக்கத்தில் செவ்வானம் இல்லை, செந்நீர் இல்லை. அதை மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர். முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, பதினொரு மணி. வந்து சேரும். தேவாலயத்தில் எல்லோரும் வரிசையாகத்தான் நிற்பார்கள், உமக்குக் கஷ்டமிருக்காது. 187-க்காக உம் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆப்ரி


லண்டன்
24 மார்ச் 1956

அன்புள்ள ஆப்ரி,

கட்டாயம் வருகிறேன். மார்வென்னாவுக்கு என் வணக்கம். இரண்டாம் பதிப்பில் கிழவியை நீக்கிவிட்டு வரிசையைப் போடப்போகிறேன், "எல்லாரும் இருக்கோம், சார்" உட்பட. யார் முதலில் நின்றது என்பதை மட்டும் எழுதவில்லை. பதிப்பாளர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

அந்தத் திருத்தங்களைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு கடிதம் வந்தது. லிங்கன் பக்கத்தில் ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவராம். பழைய அயல்நாட்டு ரயில் கால அட்டவணைகளைச் சேர்ப்பது அவர் பொழுதுபோக்கு. புத்தகத்தை மிகவும் ரசித்தாராம், ஒரே ஒரு சிறு திருத்தம், தவறாக எண்ண வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். முகாமில் காப்பிப்பொடி கொடுத்துக் காவலாளியிடம் ஓர் அட்டவணை வாங்கி, அதைப் பார்த்துத்தானே நாம் அந்த ரயிலுக்குக் காத்திருந்தோம்? அது முந்தைய வருஷத்து அட்டவணையாம். நாம் போய் நின்றது அக்டோபர். அந்த ரயிலை அந்த வருஷக் கோடையோடேயே நிறுத்திவிட்டார்களாம்.

ரூபர்ட்